“எல்லாம் ஒண்ணுதான்மா” என்று நான் சொன்ன அந்த நாள்



நேற்று ஒரகடம் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். ஷிப்ட் முடிந்து பத்துப் பதினைந்து பையன்கள் வந்தார்கள். பக்கத்திலிருந்த பெரியவர், “எல்லாம் ஹிந்திக்காரப் பசங்க” என்றார். காதைக் கொடுத்துக் கேட்டால், அது ஹிந்தியே இல்லை. அப்போது எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்து உறுத்தியது. அதை எழுதிவிடுகிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தையைச் சேர்த்தோம். அப்பாவுக்கு இங்கே கம்பெனி வேலை. சேர்க்கைப் பதிவேட்டில் தாய்மொழி என்ற இடத்தில் நான் ‘இந்தி’ என்று எழுதினேன். எட்டிப் பார்த்த குழந்தை, “ஒடியா, டீச்சர்” என்றது. “எல்லாம் ஒண்ணுதான்மா” என்று சொல்லிப் பேனாவை மூடிவிட்டேன். அது மறுபடி பேசவில்லை.

ஒரு மாதத்தில் அந்தக் குழந்தையே எனக்குப் பாடம் நடத்தியது. வெளிமாநிலத்துப் பிள்ளைகள் பலருக்கு ‘ள’ வராது, ‘பல்லி’ என்பார்கள். இவள் ‘பள்ளி’ என்று சுத்தமாகச் சொன்னாள். விசாரித்தால், ஒடியாவில் ‘ள’ உண்டு. பழத்துக்கு அவர்கள் சொல்லும் வார்த்தையிலேயே ‘ள’ இருக்கிறது. அதே வார்த்தை வங்காளத்தில் ‘ல’ ஆகிவிடும். எழுத்திலும் அப்படித்தான். ஹிந்திக்கும் வங்காளத்துக்கும் தலையில் நேர்கோடு. ஒடியாவுக்கு வளைவு. பனையோலையில் எழுத்தாணியால் நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியும் என்பதால் வந்த வளைவு என்பார்கள். ஓலையில் எழுதிய நமக்கு இது சொல்லாமலே புரியும்.

ஒடியா, வங்காளம், அசாமியா மூன்றும் அக்கா தங்கைகள். 1907-ல் ஹரப்பிரசாத் சாஸ்திரி நேபாளத்தில் கண்டெடுத்த ‘சர்யாபதம்’ என்ற பழைய பாடல் சுவடியை மூன்று மொழிக்காரர்களும் ‘எங்கள் முதல் நூல்’ என்கிறார்கள். ஒரே பாட்டியின் நகைக்கு மூன்று பேத்திகள் உரிமை கேட்பது போல.

ஆனால் ஒரு தங்கையைப் பார்த்து, ‘நீ தனி ஆளே இல்லை’ என்று சொன்ன காலமும் உண்டு. 1870-ல் ஒரிசாவின் பாலசோரில் காந்திசந்திர பட்டாச்சார்யா என்பவர், ஒடியா தனி மொழியே அல்ல என்று ஒரு சிறு நூல் போட்டார். பள்ளிகளில் வங்காளமே போதும் என்பது வாதம். அவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்று படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. எதிர்த்து நின்றவர்களில் ஃபக்கீர் மோகன் சேனாபதியும் ஆசிரியர்தான். நண்பர்களோடு அச்சகம் வைத்து, ஒடியாவில் பாடப் புத்தகம் எழுதினார். அப்போது பாலசோர் கலெக்டராக இருந்த ஜான் பீம்ஸும் ஒடியா தனி மொழியே என்று வாதிட்டார். பள்ளியில் ஒடியா நிலைத்தது. 1936 ஏப்ரல் 1-ல் அந்த மொழியின் பேரிலேயே தனி மாகாணம் பிறந்தது.

அசாமுக்கு இன்னும் கஷ்டம். 1836-லிருந்து கோர்ட்டிலும் பள்ளியிலும் வங்காளம்தான். சொந்த மொழி திரும்பி வர 1873 ஆயிற்று. ஏறக்குறைய இரண்டு தலைமுறை.

இது நம் நாட்டுக் கதை மட்டுமல்ல. நைஜீரியாவில் எஃபிக், இபிபியோ என்று இரண்டு உறவு மொழிகள். 1846-ல் ஸ்காட்லாந்து மிஷனரிகள் வந்து இறங்கியது எஃபிக் பேசும் கலபார் ஊரில். 1868-க்குள் எஃபிக்கில் முழு பைபிளும் வந்துவிட்டது. இபிபியோ பேசுகிறவர்கள்தான் அதிகம். ஆனாலும் அவர்கள் பிள்ளைகள் பள்ளியிலும் சர்ச்சிலும் எஃபிக்கைத்தான் படித்தார்கள். எந்த மொழி முதலில் அச்சேறுகிறதோ, அது ‘மொழி’ ஆகிவிடுகிறது. மற்றது ‘கொச்சை’ ஆகிவிடுகிறது.

மலையாளத்தைத் தமிழின் கொச்சை என்று சொன்னால் மலையாளிக்கு எப்படி இருக்கும்? நம்மைப் பார்த்து யாராவது அப்படிச் சொன்னால் சும்மா இருப்போமா? 2004-ல் தமிழ் செம்மொழி ஆனபோது இனிப்புக் கொடுத்துக் கொண்டாடினோம். 2014-ல் ஒடியாவும், 2024-ல் வங்காளமும் அசாமியாவும் செம்மொழி ஆயின. பஸ் ஸ்டாப்பில் நிற்கும் அந்தப் பையன்கள் பேசுவது இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

அந்தக் குழந்தை அடுத்த வருடமே ஊருக்குப் போய்விட்டாள். மாற்றுச் சான்றிதழை எழுதியதும் நான்தான். பதிவேட்டைப் பார்த்து அப்படியே ‘இந்தி’ என்று எழுதிக் கொடுத்தேன். திருத்த வேண்டும் என்று அன்று தோன்றவில்லை. பிறகு தோன்றியபோது அவள் எங்கே என்று தெரியவில்லை.

என் மாணவர்களில் பலர் இன்று இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் சூப்பர்வைசராக, எச்.ஆர். ஆக இருக்கிறீர்கள். சிலர் ஆசிரியர்களாகவும் இருக்கிறீர்கள். விண்ணப்பத்தில் தாய்மொழி என்ற கட்டம் வந்தால், நீங்களாக நிரப்பாதீர்கள். எதிரில் நிற்பவரைக் கேளுங்கள். சொல்வதை அப்படியே எழுதுங்கள். அரை நிமிட வேலைதான். அந்த அரை நிமிடத்தை நான் கொடுக்கவில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்