சொன்னவர் யார்?

திருவண்ணாமலைப் பெருங்கோயிலினுள் வல்லாள மகாராஜா கோபுரம் என்றொரு கோபுரம் உண்டு. போசள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர் தம் இறுதிக் காலத்தில் இவ்வூரைத் தலைநகராகக் கொண்டிருந்தார். மதுரை சுல்தான் கியாதுத்தீன் தாமகானியோடு பொருது 1342-இல் உயிர் நீத்தார்.

நம்மிடம் பயிலும் மாணவர் ஒருவர் இம்மன்னரின் முடிவு குறித்துக் கட்டுரை எழுத முற்பட்டார். இணையத்தில் திரட்டிய பத்துப் பக்கங்களை நம்முன் வைத்து, "பத்திலும் இப்படித்தான் இருக்கிறது, ஹஜ்ரத்" என்றார். படித்துப் பார்த்தோம். பத்திலும் வாசகம் ஒன்றே. எழுத்துப் பிழையும் ஒன்றே! ஒருவர் எழுதியதை ஒன்பது பேர் படியெடுத்திருந்தனர். அந்த ஒருவரும் தமக்குச் சொன்னவர் யாரெனக் குறிக்கவில்லை.

ஹதீஸ் கலை வல்ல இமாம்கள் செய்தியை ஏற்குமுன் அதன் இஸ்னாதை, அதாவது அறிவித்தோர் தொடரை ஆராய்ந்தனர். சொன்னவர் யார்? எவரிடம் கேட்டார்? இருவரும் ஒரே காலத்தவரா? அவர் வாய்மையும் நினைவாற்றலும் எத்தகையவை? எத்தனை வழிகளில் பரவியிருப்பினும், எல்லா வழிகளும் ஒருவரில் சென்று முடிந்தால் அது ஒருவர் கூற்றே. இணையத்திற்கும் இந்த அளவுகோல் பொருந்தும்.

வல்லாளர் செய்தியில் தொடரைப் பின்னோக்கிச் சென்றால் இப்னு பதூதாவை அடைகிறோம். சமாதான காலத்தில் சுல்தானின் படை எதிர்பாராது தாக்கியது. முதிய மன்னர் பிடிபட்டார். அவரது செல்வத்தைப் பெற்றுக்கொண்டபின் சுல்தான் அவரைக் கொன்று, தோலுரித்து, வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டான் என்கிறார். இவற்றுள் மதிலில் தொங்கியதை மட்டுமே தாம் கண்டதாகச் சொல்கிறார். போர் நடந்தபோது அவர் அங்கில்லை. அது பிறர் சொல்லக் கேட்டது. பயணநூலை இப்னு ஜுஸய்யிடம் அவர் சொல்லி முடித்ததோ 1355-இல். இடைப்பட்ட ஆண்டுகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆயினும் அவர் சாட்சியத்திற்கு ஒரு வலிமை உண்டு. அவர் சுல்தானின் சகலர். உறவினராயிருந்தும் சுல்தானின் கொடுமைகளை மறைக்காமல் கண்டித்தார். தம்மவருக்கு எதிராக ஒருவர் சொல்லும் சாட்சியம் எளிதில் தள்ளத்தக்கதன்று.

அருணாசல புராணமோ வேறொன்றைக் கூறுகிறது. மகப்பேறற்ற வல்லாளருக்கு இறைவனே குழந்தையாக வந்தார் என்பது அது. ஆண்டுதோறும் மாசி மாதம் பள்ளிகொண்டாப்பட்டில் கோயிலார் மன்னருக்குத் திதி நடத்துகின்றனர். மன்னர் எவ்வாறு இறந்தார் என்பதற்கு இது சான்றாகாது; ஊரார் அவரை எவ்வளவு நேசித்தனர் என்பதற்குச் சான்றாகும்.

இணையத்தை நாம் வெறுக்கவில்லை. 1853 முதல் 1858 வரை பாரிஸில் அச்சான இப்னு பதூதாவின் அரபு மூலம் இன்று இணையத்திலேயே கிடைக்கிறது. பத்துப் பக்கங்களைத் திரட்டிய அதே கருவியில்தான் மாணவருக்கு அதைக் காட்டினோம்.

சுல்தான் முஸ்லிம் என்பதற்காக நம்மவர் இச்செய்தியை மறைப்பதும், ஒருவன் செய்த கொடுமையை ஒரு சமுதாயத்தின் தலையில் பிறர் சுமத்துவதும் சொன்னவர் யாரெனக் கேளாமையால் விளையும் தீங்குகளே. மாணவர் தம் கட்டுரையைத் திருத்தி எழுதினார். இப்னு பதூதா கண்டது இது, கேட்டது இது, ஊரார் நம்புவது இது என மூன்றையும் பிரித்துக் காட்டியிருந்தார். பக்கங்கள் குறைந்திருந்தன, நமக்கோ மனம் நிறைந்தது.