வரைகலைப் புகுபதிகைத் தோல்வி: லினக்ஸ் இயங்குதளங்களில் ஒரு வரலாறு

இயங்குதளத்தை இற்றைப்படுத்திய பின் கணினி வழக்கம்போல் தொடங்கும். ஆனால் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும் வரைகலைத் திரை தோன்றாது. கருந்திரையில் ஒரு கோடு மட்டும் சிமிட்டிக்கொண்டிருக்கும். அல்லது திரை தோன்றும். சரியான கடவுச்சொல்லை இட்டாலும் ஒரு நொடி இருண்டு மீண்டும் அதே திரைக்கே திரும்பிவிடும். இந்நிலையே வரைகலைப் புகுபதிகைத் தோல்வி எனப்படுகிறது. லினக்ஸ் வழங்கல்களில் இது நெடுங்காலமாக அறியப்பட்ட ஒரு பழுது.

இப்பழுதைச் சந்திப்பவர் பெரும்பாலும் தம் கோப்புகள் அனைத்தும் போய்விட்டன என்று அஞ்சி, இயங்குதளத்தை அழித்து மீண்டும் நிறுவ முற்படுகிறார். பெரும்பாலான நேரங்களில் கோப்புகளுக்கு எந்தச் சேதமும் இருப்பதில்லை. கருனி இயங்கிக்கொண்டிருக்கும், வலையமைப்பும் செயல்படும். வாசற்கதவு மட்டுமே திறக்காமல் இருக்கும். அந்தக் கதவு எவ்வாறு கட்டப்பட்டது என்ற வரலாற்றை அறிந்தால், அது ஏன் அடிக்கடி சிக்கிக்கொள்கிறது என்பதும் எங்கே தொட்டால் திறக்கும் என்பதும் விளங்கும்.

எக்ஸ் சாளர முறைமையும் எக்ஸ்டிஎம்மும்

யூனிக்ஸ் கணினிகளில் தொடக்கத்தில் புகுபதிகை என்பது உரைவடிவில் மட்டுமே இருந்தது. 1984-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், அத்தீனா திட்டத்தை ஒட்டி, எக்ஸ் சாளர முறைமை உருவானது. பாப் ஷைஃப்ளர், ஜிம் கெட்டிஸ் ஆகியோர் இதன் முதன்மை ஆக்குநர்கள். 1987 செப்டம்பரில் வெளியான அதன் 11-ஆம் பதிப்பே எக்ஸ்11 என்ற பெயரில் இன்றுவரை நிலைத்துள்ளது.

அக்காலத்தில் பயனர் முதலில் உரைத்திரையில் புகுந்து, பிறகு ஒரு கட்டளையால் எக்ஸ் சேவையகத்தைத் தொடங்குவார். எக்ஸ் பழுதானால் அவர் மீண்டும் உரைத்திரையில் நிற்பார்; பிழைச்செய்தியும் கண்முன்னே இருக்கும். வெளியே பூட்டப்படும் நிலை எழவில்லை.

1988 அக்டோபரில் வந்த எக்ஸ்11-இன் 3-ஆம் வெளியீட்டுடன் கீத் பேக்கர்டு எழுதிய எக்ஸ்டிஎம் என்ற காட்சி மேலாளர் சேர்க்கப்பட்டது. இது எக்ஸ் சேவையகத்தை முதலில் தொடங்கி, புகுபதிகைப் பெட்டியை அதற்குள் காட்டியது. வரிசை தலைகீழானது. முன்பு புகுபதிகைக்குப் பின் வரைகலை வந்தது. இப்போது வரைகலை வந்தால்தான் புகுபதிகை. இன்றைய பழுதின் வேர் இந்த மாற்றத்தில் உள்ளது. 1990-களின் இறுதியில் கேடீஇ, குனோம் ஆகிய பணிச்சூழல்கள் முறையே கேடிஎம், ஜிடிஎம் என்னும் சொந்தக் காட்சி மேலாளர்களைக் கொண்டுவந்தபோது, இம்முறை வீட்டுக் கணினிகளுக்கும் பரவியது.

இயக்க நிலைகளின் காலம்

ரெட் ஹாட் வழியில் வந்த வழங்கல்களில் இயக்க நிலை 3 என்பது உரைமுறை. 5 என்பது வரைகலைமுறை. 5-ஆம் நிலையில் எக்ஸ் சேவையகம் நின்றுவிட்டால், இனிட் என்ற முதல் நிரல் அதை உடனே மீண்டும் தொடங்கும். இற்றைப்படுத்தலால் எக்ஸ் பழுதாகியிருந்தால், தொடங்குவதும் விழுவதுமாகத் திரை மின்னிக்கொண்டே இருக்கும். மிக வேகமாக இவ்வாறு நிகழ்வதைக் கண்ட இனிட், அந்தப் பணியை 5 நிமிடங்களுக்கு நிறுத்திவைப்பதாக அறிவிக்கும். தொடக்க நிரலில் 3 என்ற எண்ணைச் சேர்த்து உரைமுறையில் நுழைவதே அன்றைய முதலுதவி. பின்னர் சிஸ்டம்டி வந்தபோது இந்த எண்களின் இடத்தைப் பெயர்கள் பிடித்தன. உரைமுறை, வரைகலைமுறை என்ற பிரிவு மட்டும் அப்படியே தொடர்ந்தது.

எக்ஸ்ஃப்ரீ86 திட்டம் 2004-இல் தன் உரிமத்தை மாற்றியதால் பெரும்பாலான வழங்கல்கள் அதை விட்டு விலகி, எக்ஸ்.ஆர்க் அறக்கட்டளையின் பதிப்புக்கு மாறின. 2005 டிசம்பரில் வந்த எக்ஸ்11-இன் 7.0 வெளியீடு, ஒரே பெருந்தொகுதியாக இருந்த எக்ஸைப் பல சிறு பொதிகளாகப் பிரித்தது. ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே திருத்தி வெளியிட இது வழிசெய்தது. அதே வேளையில், சேவையகம் ஒரு பதிப்பிலும் அதன் இயக்கி வேறொரு பதிப்பிலும் தங்கிப் பொருந்தாமல் போவதற்கும் இடம் உண்டாயிற்று.

2006 ஆகஸ்ட் நிகழ்வு

நீண்டகால ஆதரவு கொண்ட பதிப்பாக உபுண்டு 6.06 அறிவிக்கப்பட்டு மூன்று மாதங்கள்கூட நிறைவுறாத வேளையில், 2006 ஆகஸ்டில், எக்ஸ் சேவையகப் பொதிக்கான ஓர் இற்றை வழக்கமான வழியில் அனுப்பப்பட்டது. அதை ஏற்றுக்கொண்ட பலருடைய கணினிகளில் எக்ஸ் தொடங்க மறுத்தது. திருத்தப்பட்ட பொதி விரைவிலேயே வெளியிடப்பட்டது. அதைப் பெற உரைத்திரையில் இரண்டு கட்டளைகள் போதும். ஆனால் அந்தக் கட்டளைகள் எவை என்பதை அறிய வேண்டிய உலாவி, திறக்காத வரைகலைத் திரைக்குள் இருந்தது. மருந்து இருந்தும் அதை எடுக்கும் வழி தெரியாதவரே பெரிதும் பாதிக்கப்பட்டனர்.

2007 அக்டோபரில் வந்த உபுண்டு 7.10, எக்ஸ் தொடங்காவிட்டால் குறைந்த தெளிவுத்திறனில் ஒரு பாதுகாப்பு வரைகலை முறையைத் தொடங்கும் வசதியைச் சேர்த்தது. கதவு திறக்காவிட்டால் சன்னல் வழியாகவாவது பயனரை உள்ளே விட வேண்டும் என்ற எண்ணம் வடிவம் பெற்றது இவ்வாறுதான்.

கருனியும் வெளி இயக்கிகளும்

இப்பழுதின் மிக நீண்ட அத்தியாயம் வரைகலை இயக்கிகளைப் பற்றியது. லினக்ஸ் கருனி தன் உள் இடைமுகங்களை நிலையாக வைத்திருப்பதில்லை. கருனியின் மூலநிரலுக்குள் உள்ள இயக்கிகள் கருனியோடு சேர்ந்தே திருத்தப்படுகின்றன. வெளியே பேணப்படுபவை ஒவ்வொரு புதிய கருனிக்கும் மீண்டும் தொகுக்கப்பட வேண்டும். என்விடியா நிறுவனத்தின் மூடிய இயக்கி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதன் கருனிக்கூறும் பயனர் பக்கத்து நூலகங்களும் ஒரே பதிப்பில் இருந்தாக வேண்டும். ஒன்று புதியதாகவும் மற்றொன்று பழையதாகவும் அமைந்தால் இயக்கி செயல்படாது, திரையும் எழாது.

இதற்குத் தீர்வாக டெல் நிறுவனம் டிகேஎம்எஸ் என்ற கருவியை உருவாக்கியது. புதிய கருனி நிறுவப்படும்போதெல்லாம் வெளி இயக்கியை இது தானாகத் தொகுக்கும். ஆனால் அக்கருனிக்குரிய தலைப்புக் கோப்புகள் நிறுவப்படாமல் இருந்தாலோ, இயக்கியின் மூலநிரல் புதிய கருனிக்கு ஏற்பத் திருத்தப்படாமல் இருந்தாலோ தொகுப்பு தோல்வியுறும். இற்றைப்படுத்தல் முடிந்ததாகத் திரை சொல்லும். உண்மை நிலை அடுத்த முறை கணினியைத் தொடங்கும்போதுதான் தெரியவரும்.

2012-இல் விண்டோஸ் 8 வெளியானதைத் தொடர்ந்து, பாதுகாப்பான தொடக்கம் என்ற வசதி புதிய கணினிகளில் பரவலாயிற்று. உபுண்டு 16.04 முதல், இவ்வசதி இயங்கும் கணினிகளில் கையொப்பமிடப்படாத கருனிக்கூறுகள் ஏற்றப்படுவதில்லை. இயக்கி சரியாகத் தொகுக்கப்பட்டிருந்தும் கையொப்பம் பதிவு செய்யப்படாததால் மறுக்கப்படும் புதுவகைப் பழுது இதனால் தோன்றியது.

கருனிக்குள் நுழைந்த காட்சி அமைப்பு

முன்பு திரையின் தெளிவுத்திறனை அமைப்பது எக்ஸ் சேவையகத்தின் பணி. 2009 மார்ச்சில் வந்த 2.6.29 கருனியில், இன்டெல் வரைகலைக்கு அப்பணியைக் கருனியே ஏற்றது. என்விடியா அட்டைகளுக்கான கட்டற்ற நூவோ இயக்கி 2010 பிப்ரவரியில் 2.6.33 கருனியில் இணைந்தது. எக்ஸ் விழுந்தாலும் உரைத்திரைக்குச் செல்வது இதனால் எளிதாயிற்று. மறுபுறம், கருனி இயக்கியே தவறினால் புகுபதிகைக்கு முன்பே திரை இருண்டுபோகும். இத்தகைய நிலையில், தொடக்க நிரலில் 'நோமோட்செட்' என்ற சொல்லைச் சேர்த்துக் கருனியின் காட்சி அமைப்பைத் தற்காலிகமாகத் தவிர்ப்பது வழக்கமான உத்தியாயிற்று.

வேலண்டுக்கு மாறுதல்

எக்ஸ் முறைமைக்கு மாற்றாக கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் 2008-இல் வேலண்ட் திட்டத்தைத் தொடங்கினார். ஃபெடோரா 25 பதிப்பு 2016 நவம்பரில் இதை இயல்பிருப்பாக ஏற்றது. உபுண்டு 17.10 பதிப்பும் ஏற்றது, 18.04-இல் எக்ஸுக்குத் திரும்பியது, 21.04-இல் மீண்டும் வேலண்டுக்கு வந்தது. இவ்வாறு மாறிய ஒவ்வொரு முறையும், நேற்றுவரை வேலை செய்த அமர்வு இன்று தொடங்காமல் போகும் வாய்ப்பு இருந்தது. நினைவகத்தைக் கையாள என்விடியா வேறொரு முறையைப் பின்பற்றியதும் சிக்கலைக் கூட்டியது. பிற இயக்கிகள் பயன்படுத்தும் முறைக்கான ஆதரவு 2021-இல் வந்த அதன் 495 வரிசை இயக்கியில்தான் கிடைத்தது.

இக்காலத்தில் புகுபதிகைத் திரையின் ஓரத்தில் உள்ள பற்சக்கரக் குறி பலருக்கும் கைகொடுத்தது. அதைச் சொடுக்கி, வேலண்டுக்குப் பதில் எக்ஸ் அமர்வைத் தேர்ந்தெடுத்தால் உள்ளே செல்ல முடிந்தது. 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10 பதிப்பில் குனோமின் எக்ஸ் அமர்வு நீக்கப்பட்டதால், அந்த மாற்றுவழி அங்கு மூடப்பட்டது.

மீண்டும் மீண்டும் திரும்பும் புகுபதிகை

கடவுச்சொல் ஏற்கப்பட்டும் அதே திரைக்குத் திரும்பும் நிலை வேறு வகையானது. இங்கே காட்சி மேலாளர் நலமாக இருக்கிறது. பயனரின் அமர்வுதான் தொடங்கி உடனே விழுகிறது. வன்தட்டில் இடம் தீர்ந்திருக்கலாம். எக்ஸ் அமர்வுக்கான அனுமதிக் கோப்பு, நிர்வாகி உரிமையுடன் ஏதோ ஒரு கட்டளையை இயக்கியதால் நிர்வாகிக்குச் சொந்தமாகியிருக்கலாம். பணிச்சூழலின் பழைய நீட்சிகள் புதிய பதிப்போடு பொருந்தாமல் இருக்கலாம். புதிதாக ஒரு பயனர் கணக்கை உருவாக்கி அதில் நுழைந்து பார்ப்பது சிறந்த சோதனை. புதியவர் நுழைய முடிந்தால் குறை பழைய பயனரின் இல்ல அடைவில் உள்ளது. அவராலும் முடியாவிட்டால் குறை அமைப்பில் உள்ளது.

இற்றைப்படுத்தும் முறையில் வந்த மாற்றம்

2016 அக்டோபரில், வரைகலைச் சூழலுக்குள் இருந்தபடி முனையத்தில் இற்றைப்படுத்த வேண்டாம் என்று ஃபெடோரா 24 பயனர்கள் எச்சரிக்கப்பட்டனர். இற்றைப்படுத்தலின் நடுவே எக்ஸ் விழுந்தால் முனையமும் அதனுடன் சேர்ந்து விழும். பணி பாதியில் நின்று, பொதிகள் சில புதியதும் சில பழையதுமாகக் கலந்துவிடும். கணினியை மறுதொடக்கம் செய்து, யாரும் புகாத நிலையில் இற்றைகளை நிறுவும் முறையை ஃபெடோரா முன்பே கொண்டுவந்திருந்ததற்கு இத்தகைய இடர்களே காரணம்.

ஓப்பன்சூசே 13.2 பதிப்பு 2014-இல் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையை இயல்பிருப்பாக்கியது. இற்றைக்கு முன் எடுத்த நிலைப்படத்திலிருந்து கணினியைத் தொடங்கும் வசதியை அது தந்தது. நிக்ஸ்ஓஎஸ், ஃபெடோரா சில்வர்புளூ ஆகியவை முழு அமைப்பையும் ஒரே அலகாக மாற்றி, பழைய அலகைத் தொடக்கப் பட்டியலில் வைத்துக்கொள்கின்றன. எக்ஸை உடையாமல் காப்பதே தொடக்கத்தில் இலக்காக இருந்தது. உடைந்தால் நேற்றைய நிலைக்குத் திரும்ப முடிவது பின்னர் இலக்காயிற்று.

பழுது தேடும் ஒழுங்கு

மேற்கண்ட வரலாற்றிலிருந்து பழுது தேடும் வரிசை இயல்பாகவே பிறக்கிறது.

முதலில் கண்ட்ரோல், ஆல்ட் விசைகளுடன் எஃப்3 விசையை அழுத்தி உரை முனையத்திற்குச் செல்ல வேண்டும். அங்கே புக முடிந்தால் கருனியும் கணக்கும் நலமாக உள்ளன. முக்கியக் கோப்புகளை அப்போதே படியெடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவதாக, வன்தட்டில் இடம் உள்ளதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவதாக, பாதியில் நின்ற பொதி நிறுவல்களை முடிக்கச் சொல்ல வேண்டும். நான்காவதாக, தொடக்கப் பட்டியலிலிருந்து முந்தைய கருனியைத் தேர்ந்தெடுத்துப் பார்க்க வேண்டும். பழைய கருனியில் திரை வந்தால், பெரும்பாலும் குறை புதிய கருனிக்கும் இயக்கிக்கும் இடையில் உள்ளது.

ஐந்தாவதாக, சிஸ்டம்டி பதிவேட்டிலும் எக்ஸ் பதிவுக் கோப்பிலும் பிழை வரிகளைத் தேட வேண்டும். அவற்றில் வரும் முதல் பிழையே முக்கியம். பின்னால் வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகள். ஆறாவதாக, வேறொரு அமர்வையும் வேறொரு பயனரையும் கொண்டு சோதிக்க வேண்டும். மீண்டும் நிறுவுவது இவை அனைத்திற்கும் பின்னரே.

மதிப்பீடு

கருனி, இயக்கி, காட்சிச் சேவையகம், காட்சி மேலாளர், பணிச்சூழல் ஆகிய ஐந்தும் வெவ்வேறு குழுக்களால் வெவ்வேறு கால அட்டவணையில் எழுதப்படுகின்றன. அவை அனைத்தும் பயனருக்காக முதன்முதலில் ஒன்றுகூடும் இடம் புகுபதிகைத் திரை. எந்தக் குழு செய்த மாற்றம் பொருந்தாமல் போனாலும் அது அங்கேயே வெளிப்படுகிறது.

இப்பழுதுக்கு அஞ்சி இற்றைகளையே நிறுத்திவிடுவோரும் உண்டு. அது பாதுகாப்புத் திருத்தங்களையும் சேர்த்தே தடுத்துவிடும். கதவு சிக்கும் என்பதற்காகப் பூட்டே இல்லாமல் வீட்டை விடுவதைப் போன்றது அது. முந்தைய கருனியை நீக்காமல் வைத்திருத்தல், கோப்புகளுக்கு வெளியே ஒரு படி வைத்திருத்தல், உரை முனையத்தில் நுழையப் பழகியிருத்தல் ஆகிய மூன்றும் இருந்தால், வாசல் திறக்காத நாளிலும் பயனர் வெளியே நிற்க வேண்டியதில்லை.