திருவையாற்றுப் பெண் டி.பி.ராஜலட்சுமி

ரிச்சர்ட்ஸ் டவுன் பூங்காவில் மாலை நடைக்கு வரும் எங்கள் கோஷ்டியில் சமீபத்தில் ஒரு கேள்வி எழுந்தது. தமிழ்ப் பேசும் படத்தின் முதல் கதாநாயகி யார்? ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். "டி.பி.ராஜலட்சுமி. திருவையாறு பஞ்சாபகேச சாஸ்திரிகளின் பெண்" என்றேன். "அடடே, நம்மவாளா!" என்று ஒரு நண்பர் பூரித்துப் போனார்.

அந்தப் பூரிப்பு என்னை யோசிக்க வைத்தது. என் பாட்டி தஞ்சாவூர்ப் பக்கத்தவர். ராஜலட்சுமியின் பெயரைச் சொல்ல நேர்ந்தால் குரலைத் தாழ்த்தி, "நாடகக்காரி" என்று சேர்த்தே சொல்வார்.

ராஜலட்சுமி பிறந்தது 1911-ல். தந்தை கிராமக் கர்ணம். அந்நாளைய வழக்கப்படி பால்யத்திலேயே விவாகம் நடந்தது, அது நிலைக்கவில்லை. சிறுமி பிறந்தகத்துக்கே திரும்பி வந்தாள். தந்தையும் காலமாகிவிடவே, தாயும் மகளும் பிழைப்புத் தேடித் திருச்சிக்குப் போனார்கள். கையில் இருந்த ஒரே முதல், நல்ல குரல். சாமண்ணாவின் நாடகக் குழுவில் அந்தப் பெண் சேர்ந்தாள். சங்கரதாஸ் சுவாமிகளின் ஆதரவும் கிடைத்தது.

பால்ய விவாகத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929-ல்தான் வந்தது. சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி பால விதவைகளைப் படிக்க வைத்து ஆசிரியைகளாக்கி வந்தார். அப்படிப்பட்ட நிழல் எல்லாப் பெண்களுக்கும் கிட்டவில்லை. ராஜலட்சுமிக்கு நிழல் தந்தது நாடக மேடைதான்.

மேடையிலிருந்து அவர் மௌனப் படங்களுக்குப் போனார். 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரல் அரங்கில் 'காளிதாஸ்' வெளியாயிற்று. அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் நிறுவனம் பம்பாயில் எடுத்த படம், இயக்கியவர் ஹெச்.எம்.ரெட்டி. கதாநாயகி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்வார்! கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் தேசபக்திப் பாட்டுகளும் தியாகராஜ கீர்த்தனைகளும் வந்தன. ஜனங்கள் அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. திரையில் தமிழ் பேசிற்று. அது போதுமாக இருந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளின் சமாதிக்குத் தன் சொத்தைச் செலவிட்டுக் கோயில் எழுப்பி, 1926-ல் கும்பாபிஷேகம் நடத்தியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அப்படியிருந்தும் ஆராதனைக் கோஷ்டிகளில் பெண்கள் பாட இடமில்லை. 1927-ல் அவர் பெண்களுக்கென்று தனிக் கோஷ்டியே தொடங்க வேண்டியதாயிற்று. கோஷ்டிகள் ஒன்றானது 1940 வாக்கில்தான். ஆக, ஆராதனைப் பந்தலில் பெண் குரலுக்கு இடமில்லாத காலத்தில், அதே ஊரில் பிறந்த ஒரு பெண் அதே சுவாமிகளின் கீர்த்தனைகளைத் திரையில் பாடிவிட்டார்.

1933-ல் 'வள்ளி திருமணம்' பெரும் வெற்றி கண்டது. அதில் நாரதராக நடித்த டி.வி.சுந்தரத்தை ராஜலட்சுமி மணந்துகொண்டார். 'கமலவல்லி' என்று அவரே எழுதிய நாவலை 1936-ல் 'மிஸ் கமலா' என்ற படமாகத் தாமே தயாரித்து, இயக்கி, நடிக்கவும் செய்தார். தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் அவரே. தம் மகளுக்கும் கமலா என்றே பெயர் வைத்தார். ரசிகர்கள் அவரை 'சினிமா ராணி' என்று கொண்டாடினார்கள். 'மதுரை வீரன்' படத்தையும் அவரே இயக்கினார்.

கொண்டாடியது ரசிகர்கள், நம் அக்ரஹாரங்கள் அல்ல. 'பாலயோகினி'யில் (1937) பிராமண விதவையின் துயரத்தைக் காட்டியதற்காக டைரக்டர் கே.சுப்பிரமணியத்தையே ஜாதிப் பிரஷ்டம் செய்தவர்கள் தஞ்சாவூர்ப் பக்கம் இருந்தார்கள். ஆண்பிள்ளை, அதிலும் வக்கீலுக்குப் படித்தவர் கதியே அது என்றால், வாழாவெட்டி என்று பெயரெடுத்து மேடையேறிய பெண்ணைப் பற்றிக் கேட்கவா வேண்டும்!

படத் தயாரிப்பில் சம்பாதித்தது கரைந்தது. கடைசிக் காலத்தில் நோயும் சேர்ந்துகொண்டது. 1961-ல் கலைமாமணி விருது வந்தது. 1964-ல் அம்மையார் மறைந்தார். 'காளிதாஸ்', 'மிஸ் கமலா' இரண்டுக்கும் இன்று பிரதி கிடையாது.

என் நண்பரிடம் மறுநாள் இதையெல்லாம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் நடந்தவர், "நம்மவா என்று நாம் இப்போது சொல்கிறோம். அவருக்கு வேண்டியிருந்தபோது சொல்லவில்லையே!" என்றார். அவர் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

"காளிதாஸ் பார்த்தாயா பாட்டி?" என்று சிறுவயதில் நான் கேட்டதுண்டு. பதில் சொல்லாமல் சிரித்தபடி சமையலறைக்குள் போய்விடுவார். எந்த ஊரில் இருந்தாலும் நம் ஒவ்வொரு குடும்பத்திலும் குரலைத் தாழ்த்திச் சொல்லப்பட்ட ஓர் அத்தையோ சித்தியோ நிச்சயம் இருப்பார். விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அவர்கள் பெயரையும் கதையையும் கேட்டு எழுதி வையுங்கள். பேரக் குழந்தைகளிடம் குரலைத் தாழ்த்தாமல் சொல்லுங்கள்.