டான்சில் ஆபரேஷன்: யார் முடிவு?

வைத்தியம் எவ்வளவு வேண்டும் என்று நோயாளியா முடிவு செய்கிறார்? 1934-ல் நியூயார்க்கில் நடந்த கதையைப் பாருங்கள்.

பள்ளிப் பிள்ளைகள் 1000 பேரில் 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுத்தாயிற்று. மீதி 389 பேரைப் பரிசோதித்த டாக்டர்கள், 174 பேருக்கு ஆபரேஷன் வேண்டும் என்றார்கள். தப்பிய 215 பேரை வேறு டாக்டர்களிடம் அனுப்பினால், அதிலும் 99 பேருக்கு வேண்டுமாம்! மிஞ்சிய 116 பேருக்கு மூன்றாவது சுற்று. 51 பேர் மாட்டினார்கள்.

டாக்டர்கள் பொய் சொன்னார்கள் என்றல்ல. பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குத் தேவைப்படும் என்ற பழக்கம்தான் பேசியிருக்கிறது.

தெரிந்த குடும்ப டாக்டர் இல்லாத ஊரில் பிழைக்கும் நமக்கு இது முக்கியம். இன்னொரு டாக்டரிடம் காட்டினால் மட்டும் போதாது. "செய்யாவிட்டால் என்ன ஆகும்?" என்றும் கேளுங்கள்.