சேரியின் வயது: அகழாய்வுக் குழியிலிருந்து சில கேள்விகள்



2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. மராட்டியர் இராணுவ நிலக்காட்சிகள் என்ற தலைப்பில் சேர்க்கப்பட்ட 12 கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். ஊருக்கு மகிழ்ச்சி, நமக்கும் மகிழ்ச்சி. நாயக்கர், பீஜப்பூர் சுல்தான், மராட்டியர், முகலாயர், நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என ஆண்டவர்களின் வரிசையை இங்கே பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளைச் சொல்வார்கள். நான்காவதாக ஒரு சிறு குன்று உண்டு. அதன் உச்சியிலும் அரண் கட்டியிருக்கிறார்கள். அதன் பெயர் சக்கிலி துர்க்கம். இன்று வசையாகிப்போன ஒரு சாதிப்பெயரைத் தாங்கி நிற்கும் அந்தக் குன்றை, பார்க்க அதிகம் ஒன்றுமில்லை என்று வழிகாட்டிக் குறிப்புகள் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. குதிரைச் சேணம், வாளுறை, முரசு, நீர் இறைக்கும் சால் எதுவும் தோல் இல்லாமல் ஆகாது. தோலைப் பதப்படுத்திய கைகள் இல்லாமல் எந்தக் கோட்டையும் ஒரு நாள்கூட நின்றிருக்காது. அந்தக் கைகளுக்கு உரியவர்கள் எங்கே குடியிருந்தார்கள், எதில் சமைத்தார்கள், யாரை எங்கே புதைத்தார்கள்? மண்ணைக் கேட்டால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

அப்படியானால் மண்ணைக் கேட்பவர்கள் யார்? ஓர் அகழாய்வுக் களத்தின் ஒரு நாளைப் பாருங்கள். வெயில் ஏறுமுன் வேலை தொடங்கிவிடும். சதுரமாக நூல் பிடித்த குழியில் பக்கத்து ஊர்ப் பெண்கள் இறங்குகிறார்கள். பலர் நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள். கொத்தால் மண்ணை மெல்லச் சுரண்டி, பாண்டில் அள்ளி, தலையில் சுமந்து, சல்லடையில் சலிக்கிறார்கள். பானை ஓடுகளைக் கழுவி வெயிலில் காயவைக்கிறார்கள். மண்ணின் நிறம் மாறுவதும், கொத்து படும் ஓசை மாறுவதும் முதலில் அவர்களுக்குத்தான் தெரிகிறது. ஒருவர் கையை நிறுத்தி மேற்பார்வையாளரைக் கூப்பிடுகிறார். அவர் வந்து ஆழம் அளந்து, படம் எடுத்து, எண் கொடுத்துப் பதிவேட்டில் எழுதுகிறார். ஓடு அருங்காட்சியகத்துக்குப் போகிறது. எழுதியவர் பெயர் அறிக்கைக்குப் போகிறது. கண்டெடுத்தவர் பெயர் வருகைப் பதிவேட்டோடு நின்றுவிடுகிறது.

கங்கைகொண்ட சோழபுரத்தின் மாளிகைமேட்டில் சோழர் அரண்மனையின் செங்கற்சுவர்களும் கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் வெளிவந்தன. வேண்டிய வேலைதான். ஆனால் அரண்மனைச் சுவரை அன்று சுமந்து கட்டியதும் உழைக்கும் மக்கள். இன்று மண் சுமந்து வெளியே எடுப்பதும் உழைக்கும் மக்கள். இரண்டு முறையும் பெயர் மன்னனுக்கு.

இது மாற முடியாத விதியல்ல. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வார்ரம் பெர்சி என்றொரு கைவிடப்பட்ட இடைக்காலச் சிற்றூர் இருக்கிறது. மோரிஸ் பெரஸ்போர்ட், ஜான் ஹர்ஸ்ட் இருவரின் வழிகாட்டுதலில் 1950 முதல் 1990 வரை கோடைதோறும் தன்னார்வலர்கள் அங்கே வந்து தங்கி, கூடிச் சமைத்து உண்டு, அகழ்ந்தார்கள். அவர்கள் தேடியது உழவரின் வீட்டை. வீட்டுத் தரையும் உடைந்த பானையும் அவர்களுக்கு வரலாறாயின. கல்லறைத் தோட்டத்து எலும்புகளிலிருந்து அந்த ஏழைகள் எதை உண்டார்கள், எந்த நோயில் வாடினார்கள் என்று அறிந்தார்கள். சம்பளத்தோடு விடுப்பு கிடைப்பவர்கள் அங்கே தன்னார்வலராக முடியும். அன்றாடக் கூலியை விட்டுவிட்டு வா என்று நம் பெண்களை அழைக்க முடியாது. ஆனால் எளியவரின் அடுப்படியும் அகழத் தக்கது என்ற பாடத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

நமக்கு அது ஆர்வத்துக்காகக் கேட்கும் கேள்வி அல்ல. அண்ணல் அம்பேத்கர் தீண்டப்படாதோர் பற்றி 1948இல் வெளியிட்ட நூலில், இவர்கள் ஏன் ஊருக்கு வெளியே வாழ்கிறார்கள் என்று கேட்டார். தீண்டாமை ஏறத்தாழ கி.பி. 400இல் பிறந்தது என்று காலமும் குறித்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகள் வரி நீங்கிய இடங்களைப் பட்டியலிடும்போது, ஊர்நத்தம், குளம், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியையும் கம்மாணச்சேரியையும் தீண்டாச்சேரியையும் சொல்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சேரி தனியே இருந்ததற்குக் கல் சாட்சி சொல்கிறது. அது எப்போது பிரிந்தது, முன்பு ஊரோடு சேர்ந்திருந்ததா என்பதற்கு மண் சாட்சி வேண்டும். ஊரும் சேரியும் காலங்காலமாக இப்படித்தான் என்று சொல்பவர்களுக்கு அந்தச் சாட்சிதான் பதில். தொடக்கம் உள்ள ஒன்றுக்கு முடிவும் உண்டு.

ஆகவே இந்த நினைவு நாளில் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம். ஒன்று, ஒவ்வொரு அகழாய்வு அறிக்கையிலும் குழியில் இறங்கிய தொழிலாளர்களின் பெயர்கள், அவர்கள் விரும்பும் வகையில், அச்சாக வேண்டும். இரண்டு, அரண்மனைக்கும் கோயிலுக்கும் ஒதுக்கும் நிதியில் ஒரு பங்கு பழஞ்சேரிகளுக்கும் தொழிற்குடியிருப்புகளுக்கும் சுடுகாடுகளுக்கும் வர வேண்டும். மூன்றாவது கோரிக்கை நமக்கு நாமே வைப்பது.

மாணவர்களே, கடப்பாரை எடுக்கச் சொல்லவில்லை. பாதுகாக்கப்பட்ட இடத்தில் உரிமமின்றித் தோண்டுவது குற்றம். அதைவிட, முறையின்றித் தோண்டினால் மண்ணடுக்கு குலைந்து சாட்சியமே அழியும். நாம் செய்ய வேண்டியது பதிவு. விடுமுறையில் உங்கள் ஊருக்குப் போங்கள். பழைய கிணறு, தோல் ஊறவைத்த குழி, கைவிட்ட நத்தம், இடுகாட்டுப் பாதை ஆகியவை எங்கே இருந்தன என்று பாட்டிகளிடம் கேட்டு வரைபடத்தில் குறியுங்கள். வீடு கட்ட வானம் தோண்டும்போது ஓடு கிடைத்தால், கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் எழுதிப் படமெடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். வீட்டுமனைகளும் சாலைகளும் விரியும் வேகத்தில் நாளை இவை இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

செஞ்சியைப் பார்க்க இனி உலகம் வரும். ராஜகிரி ஏறி வியக்கட்டும். இறங்கி வரும்போது நான்காவது குன்றின் பெயரையும், அதற்குள் இருக்கும் மக்களின் பெயரையும் எடுத்துச்சொல்ல அங்கே நாம் நிற்க வேண்டும்.

ஜெய்பீம்.