பாலகிருஷ்ண தோஷி

பாலகிருஷ்ண விட்டல்தாஸ் தோஷி (1927–2023) ஏழைகளின் குடியிருப்பை நகரத் திட்டமிடலின் மையத்துக்குக் கொண்டுவந்த இந்தியக் கட்டடக் கலைஞர், ஆசிரியர். புனேயில் மரச்சாமான் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தார். பம்பாய் ஜே. ஜே. கலைப் பள்ளியில் படித்தபின் பாரிசில் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியேயிடம் சேர்ந்தார். கொர்புசியே அகமதாபாத்தில் வடிவமைத்த கட்டடங்களின் வேலையை மேற்பார்வையிட 1954இல் திரும்பியவர் அந்த ஊரிலேயே தங்கிவிட்டார். 1956இல் ‘வாஸ்துசில்பா’ என்ற தம் அலுவலகத்தைத் தொடங்கினார்.

1962இல் அகமதாபாத்தில் கட்டடக்கலைப் பள்ளி ஒன்றை நிறுவினார். இன்றைய செப்ட் பல்கலைக்கழகம் அதிலிருந்து வளர்ந்ததே. பள்ளிக்கு அவர் எழுப்பிய செங்கல் கட்டடத்தில் வடக்கு வெளிச்சம் படும் வரைகூடங்களும், மாணவரும் ஆசிரியரும் கூடிப் பேச நிழலான திறந்த தளமும் உண்டு.

குடியிருப்புத் துறையில் அவர் விடாமல் பற்றியிருந்த கருத்து ஒன்று: வீட்டைக் கட்டி முடித்துச் சாவியைக் கொடுப்பதோடு வேலை தீர்வதில்லை, குடும்பம் பெருகும்போது வீடும் வளரவேண்டும். 1973இல் அகமதாபாத்தில் ஆயுள் காப்பீட்டுக் கழகத்துக்காகக் கட்டிய குடியிருப்பில் மேலே போகப் போக வீடுகள் சிறுத்துக்கொண்டே போகும். அதனால் கிடைத்த மொட்டைமாடிகளில் குடும்பங்கள் பின்னாளில் அறைகள் சேர்த்துக்கொண்டன.

இந்தக் கருத்து முழு வடிவம் பெற்றது இந்தூரின் ஆரண்யா திட்டத்தில் (1989). ஏறத்தாழ 85 ஹெக்டேரில் அமைந்த இதில் மிக ஏழைகளுக்கான மனை சுமார் 35 சதுர மீட்டர்தான். அடித்தளமும், கழிப்பறையும், தண்ணீர், மின்சாரம், சாக்கடை இணைப்புகளும் கொடுத்துவிட்டு, மீதியைக் கையில் காசு சேரும்போது கட்டிக்கொள்ளும்படி விட்டார்கள். எப்படிக் கட்டலாம் என்று காட்ட 80 மாதிரி வீடுகளை தோஷி வடிவமைத்தார். அவற்றில் திண்ணை, வெளிப்படிக்கட்டு, பால்கனி ஆகியவை பலவிதமாகக் கலந்திருந்தன. வசதியானவர்களுக்கான பெரிய மனைகளை விற்ற லாபம் ஏழைகளின் மனை விலையைக் குறைக்க உதவியது. இன்று 6,500க்கும் அதிகமான வீடுகளில் 80,000 பேருக்கு மேல் அங்கே வாழ்கிறார்கள். அவருடைய பெயர்பெற்ற கல்வி நிறுவனக் கட்டடங்களைவிட ஆரண்யாவையே தலையாய சாதனையாகக் கொள்ளவேண்டும். 1995இல் அதற்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது.

தம் அலுவலகத்துக்காகக் கட்டிய ‘சங்காத்’ (1980) பாதி மண்ணுக்குள் இறங்கியது. அதன் வளைகூரைகளில் பதித்த உடைந்த வெள்ளைப் பீங்கான் ஓடுகள் குஜராத் வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன.

2018இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் இந்தியரானார். 2022இல் பிரிட்டனின் ராயல் தங்கப் பதக்கம் கிடைத்தது. 2023 ஜனவரி 24 அன்று அகமதாபாத்தில் காலமானார். மறுநாள் அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.