மயிரிழை கூறும் சரித்திரம்

பிரிக்பீல்ட்ஸ் முடிதிருத்தும் கடையிலே வெட்டி வீழ்த்தப்படும் மயிரை நாம் குப்பையென்று கூட்டித் தள்ளுகிறோம். விஞ்ஞானிக்கோ அஃது ஒரு சரித்திர ஏடாகும்.

தலைமயிர் மாதமொன்றுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்கிறது. உடலிற் புகுந்த போதைப்பொருள் இரத்தத்தின் வழியே மயிர்க்காலை அடைந்து, வளரும் இழையிலே தங்கிவிடுகிறது. சிறுநீர் பெரும்பாலும் சில நாட் செய்தியையே கூறும். வேரையொட்டிய 3 சென்டிமீட்டர் மயிரோ மூன்று மாதக் கதையைக் கூறும். அபின் வகைப் பொருள்களை மயிரிலே கண்டறியும் முறையைப் பௌம்கார்ட்னர் முதலிய அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1979-ல் வெளியிட்டனர்.

எனினும் இச்சாட்சி பிழையற்றதன்று. வெளியிலுள்ள புகையும் மயிரில் ஒட்டும். கருமயிரின் நிறப்பொருள் சில போதைப்பொருள்களை வெளிர்மயிரினும் மிகுதியாய்ப் பற்றும். ஆகவே கருங்கூந்தலுடைய நம்மவர், இவ்வொன்றையே கொண்டு ஒருவனைக் குற்றவாளியெனத் தீர்ப்பதை ஒப்பலாகாது.

இதனினும் பெரிய குறை வேறொன்றுண்டு. ஆண்டீஸ் மலையின் யுல்யாயாக்கோ சிகரத்தில், ஐந்நூறாண்டுகட்கு முன் பலியிடப்பட்ட 13 வயதளவான சிறுமியின் உடல் 1999-ல் பனியிடையே கண்டெடுக்கப்பட்டது. அவள் கூந்தலை ஆராய்ந்தோர், இறுதி ஓராண்டில் கோக்கா இலையும் கடைசி வாரங்களில் மதுவும் அவள் உடலிலே பெருகியதை 2013-ல் அறிவித்தனர். உண்டது இன்னதென்று மயிர் சொல்லிற்று. ஊட்டியவர் யாரென்று அது சொல்லவில்லை.

ஊட்டியவர் யார்? நம் தோட்டங்களின் சரித்திரத்திலும் கேட்கவேண்டிய கேள்வி இதுவே. பிரிட்டிஷார் ஆண்ட மலாயாவில் சர்க்காரே அபின் விற்றுக் கஜானாவை நிரப்பிற்று. சர்க்கார் அனுமதியோடு தோட்டங்களில் கள்ளுக்கடைகள் நடந்தன. நாள் முழுதும் உழைத்த கூலி மாலையிலே அங்குக் கரைந்தது. பின்னர், "தமிழன் குடிகாரன்" என்ற பழியும் நம் தலையிலே ஏறிற்று!

1941-ல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வை மட்டுமா கேட்டனர்? கள்ளுக்கடைகளை மூடுமாறும் கேட்டனர். அவர்தம் தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிக்குத் தொழிலாளர் சிலர் இரையாயினர். குடித்தவரே கடையை மூடச் சொன்னார். ஆண்டவர் அதற்குச் செவி சாய்த்தாரில்லை.

இன்று கள்ளின் இடத்தில் கொடிய போதைப்பொருள்கள் வந்து நம் இளைஞரைப் பற்றுகின்றன. அவர்தம் மயிரைச் சோதிப்பது சிறைக்கதவைத் திறக்க மட்டுமெனில் அதனாற் பயன் சிறிது. மருத்துவமனையின் கதவையும் அது திறக்கட்டும். விற்பவன் வீட்டுக் கணக்கேட்டையும் அவ்வாறே சோதிப்போமாக!